காத்தான்குடியில் வாங்கிய 40 லீற்றர் பை, இந்தியாவில் 29 நாள்

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நேரம் இருக்கிறவர்கள் வாசிக்கலாம். காத்தான்குடி மெயின் வீதியில் 6,800 ரூபாவுக்கு வாங்கிய சாம்பல் நிற 40 லீற்றர் முதுகுப் பை, சென்னையில் தொடங்கி அமிர்தசரஸ் வரை போய்த் திரும்பி வரும்வரை 29 நாள் என் முதுகில் கிடந்தது. ஒரு வார் அறுந்தது, ஒரு சிப் இறுகிப் போய் மெழுகுதிரி தேய்த்துத்தான் ஓடியது, மழை உறை என்று கூடவே தந்த சாமான் மழையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உதவும். இவ்வளவுக்கும் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த மூன்றரையில் பாதி, பை சின்னதாக இருந்ததற்காக மட்டும்.

கடைப் பெயர் போடமாட்டேன். பையில் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பனியின் பெயர் தைத்திருந்தது, ஆனால் ஒரு எழுத்து குறைவு, அதனால் அந்தப் பெயரையும் விட்டுவிடுவோம். கடை நானாவிடம் அந்த எழுத்தைக் காட்டினேன், "அந்த எழுத்தும் இருந்தா முப்பதாயிரம் தம்பி" என்றார். நேர்மையான மனுசன்.

வாங்கின கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நான் செய்த ஒரு நல்ல வேலையும் ஒரு மடத்தனமும் 29 நாளும் என்னோடு வந்தன. பேரீச்ச மரம் நிற்கிற அந்த வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கதைதான், இந்தியாவுக்கு ஒரு மாதம் என்று வாயைத் திறந்தால் உடனே 65 லீற்றர் பையை எடுத்துக் கவுண்டரில் போடுவார்கள். "இதுக்குள்ள என்னத்த வைக்கப் போறீங்க தம்பி, ரெண்டாயிரம்தான் கூட, பெரிசக் கொண்டு போங்க." எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் விமானச் சீட்டு ஆக மலிவானது, கையில் 7 கிலோ மட்டும், கீழே போடுகிற பைக்குத் தனிக் காசு. அதனால் வெறும் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தேன். 950 கிராம். இது நான் செய்த நல்ல வேலை. பை வாங்கப் போகிறவர்கள் லீற்றரை மட்டும் பார்க்காமல் வெறும் பையின் நிறையைப் பாருங்கள், 7 கிலோவில் இரண்டு கிலோவைப் பையே தின்றால் சாமானுக்கு எங்கே இடம்?

பிறகு நானாவிடம் கேட்டு ராக்கையில் இருந்த சாரங்களை அள்ளி உள்ளே அடைத்து, முதுகில் போட்டுக் கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்தேன். வார் பையோடு சேருகிற இடத்தில் தையல் குறுக்கும் மறுக்குமாக ஓடியிருக்கிறதா என்று பார்த்தேன், வலப்பக்கம் ஓடியிருந்தது, இடப்பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 8,500இல் தொடங்கின விலை 6,800இல் நின்றது, இரண்டு சின்ன ஆமைப்பூட்டும் சும்மா தந்தார். பூட்டைக் கையில் வாங்கும்போதாவது சிப்பின் தலையில் பூட்டுக் கோர்க்க ஓட்டை இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது மடத்தனம்.

என்னோடு வந்தது மாமாவின் மகன். அவன் அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை, சீசன் முடிந்தால் ஏப்ரல் வரை கை சும்மா. எங்கள் பக்கம் மாரி ஓய்ந்து, வடக்கே டெல்லிப் பக்கம் குளிரும் மூட்டமும் குறைகிற நேரம் பெப்ரவரி கடைசி, அதனால் அந்த நாளையே பிடித்தோம். அவனிடம் ஏற்கனவே பை இருந்தது. அலையில் விளையாட வந்த ஒரு வெள்ளைக்காரர் போகும்போது விட்டுப் போன அசல் கம்பனிப் பை, 70 லீற்றர், இடுப்புப் பட்டி, முதுகுக்குக் காற்றோட்டம், தண்ணீர்க் குழாய் விட ஓட்டை, எல்லாம் உண்டு. வெறும் பை இரண்டே கால் கிலோ. என் பையைப் பார்த்ததும் சிரித்தான். "மச்சான், இது ரியூசனுக்குக் கொண்டு போற பேக்." ஆகவே இது பாதி என் பையின் கதை, பாதி அவனுடையதோடு ஒப்பிட்ட கதை.

பயணத் திட்டத்தைச் சொல்லாமல் பையை மட்டும் விமர்சிக்க முடியாது. இந்தியா இலங்கையைப் போல் ஐம்பது மடங்கு. எங்களுக்கு வரைபடம் பார்க்கும்போது அது விளங்கவில்லை, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு என்ற கணக்கில் வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் திட்டத்தில் பதினொரு ஊர். கோவா, மும்பை, மணாலி, டார்ஜிலிங் எல்லாம் இருந்தது. பிறகு மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதத்தில் பாதியும் வண்டிக்குள்தான். சென்னையிலிருந்து டெல்லிக்கு மட்டும் ஏறத்தாழ 2,180 கிலோமீற்றர், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதற்கு 33 மணித்தியாலம் அளவில் எடுக்கும். வெட்டி வெட்டி கடைசியில் சென்னை, கொல்கத்தா, காசி, டெல்லி, ஆக்ரா, அமிர்தசரஸ் என்று நின்றது.

விசா விசயத்தில் ஒன்று. இ-விசாவுக்கு நாமே வீட்டில் இருந்து விண்ணப்பிக்கலாம், பாஸ்போட் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். தேடும்போது முதலில் வந்து நிற்பதெல்லாம் இடையில் காசு அடிக்கிற தளங்கள். இந்திய அரசின் முகவரி கவ் டொட் இன் என்று முடியும், அதைப் பார்த்துக் கட்டுங்கள். நான் முதலில் போய்க் கேட்ட ஒரு ட்ரவல்ஸ் கடையில் விசாவுக்கும் கோச்சிச் சீட்டுக்கும் 'சேவைக் கட்டணம்' என்று சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தேன். ஏறத்தாழ மூன்று பை வாங்கலாம்.

கோச்சிச் சீட்டு இன்னொரு படிப்பு. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னர்தான் திறக்கும், 2024 நவம்பருக்கு முந்தி 120 நாளாக இருந்தது. வெளிநாட்டு நம்பரில் கணக்குத் திறக்கச் சின்னக் கட்டணம் கட்டி, கடவுச்சொல் மறந்து, திரும்பத் திறந்து, அது ஒரு வாரக் கூத்து. கடைசி நேரத்தில் தட்கல் என்கிற அவசர முன்பதிவில் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 2025 யூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் என்கிற இந்திய அடையாள இலக்கம் வேண்டும், நமக்கு ஏது ஆதார். டபிள்யூ எல் என்று காத்திருப்புப் பட்டியலில் விழுந்த இணையச் சீட்டு கடைசிவரை உறுதியாகவில்லை என்றால் தானாகவே ரத்தாகிக் காசு திரும்பும், அதை வைத்துக்கொண்டு ஏறமுடியாது. ஆர்ஏசி என்று வந்தால் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு போக வேண்டும். அதனால் எல்லாச் சீட்டையும் முடிந்த அளவு முந்தியே எடுத்தோம், ஆக்ரா அமிர்தசரஸ் மட்டும் தவறிவிட்டது. அதை புது டெல்லி ஸ்டேசன் முதலாம் மாடியில் இருக்கிற வெளிநாட்டுப் பயணிகள் கவுண்டரில் பாஸ்போட்டைக் காட்டி, வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் எடுத்தோம். ஸ்டேசனுக்கு வெளியே "அந்தக் கவுண்டர் மூடிவிட்டது, என்னோடு வாங்க" என்று சொல்கிறவர்கள் பின்னால் போகாமல் நேரே மேலே ஏறுங்கள்.

சரி, பைக்கு வருவோம். உள்ளே என்ன வைத்தேன் என்றால் மூன்று சேட், இரண்டு நீளக் காற்சட்டை, உள்ளாடை, வடக்குக் குளிருக்கு ஒரு தடித்த சுவெட்டர், செருப்பு, மருந்து, சார்ஜர், அப்புறம் இரண்டு மருதமுனைச் சாரம். இந்தச் சாரத்தைப் பற்றித் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம். துவாய், போர்வை, ஹொஸ்டல் கட்டிலுக்குத் திரை, மேல் படுக்கையில் வெளிச்சம் மறைக்க, அழுக்குத் துணி மூட்டை கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு இரவில் காயும். மச்சான் கொண்டுவந்த 'விரைவில் உலரும்' துவாய் அமிர்தசரஸ் வரை ஈரமாகவே வந்தது. மொத்தம் பையோடு 6.4 கிலோ. பிறகு அம்மா மாசிச் சம்பல் போத்தல் ஒன்றும் வறுத்த கச்சான் பொதி ஒன்றும் கொண்டுவந்தார். "மனே, அங்க என்னத்தத் தின்னப் போறாய், இத மட்டும் வச்சிக்கோ." வேண்டாம் என்று சொல்கிற துணிவு எனக்கு இல்லை. கட்டுநாயக்காவில் தராசு 7.1 காட்டியது, சுவெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க விமானம் ஏறினேன்.

அந்தச் சம்பல் போத்தல் சென்னை தாண்டியதும் எண்ணெய் கசிந்தது. இங்கே பைக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும், உள் சீலை வழுவழுப்பானது, ஈரத் துணியால் துடைத்ததும் எண்ணெய் போய்விட்டது. மணம் போகவில்லை. கொல்கத்தா போகிற கோச்சியில், ஸ்லீப்பர் என்கிற மலிவுப் படுக்கைப் பெட்டியில் எட்டுப் பேருக்கு ஒரு பகுதி, நான் மேலே, பை என் தலைமாட்டில், கீழே ஒரு வங்காளிக் குடும்பம். மீன் மணம் வந்ததும் பிரச்சினைதான் என்று பயந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் மூக்கை உயர்த்தி, என்ன மீன் என்று கேட்டார். போத்தலைக் கொடுத்தேன். அரைவாசி அவர்கள் பூரியோடு போனது, பதிலுக்கு ஒரு சட்டி இனிப்பு வந்தது. மீன் தின்கிற ஊருக்குப் போகும்போது மட்டும் அம்மாவின் பேச்சைக் கேட்கலாம்.

ஸ்லீப்பரில் பையின் அளவு எவ்வளவு முக்கியம் என்பது ஏறிய அன்றே தெரிந்துவிடும். கீழ்ப் படுக்கைக்கு அடியில்தான் எல்லாருடைய சாமானும். அங்கே பை கட்ட வளையம் இருக்கும், சென்னை ஸ்டேசனில் சங்கிலியும் பூட்டும் விற்கிறார்கள், மச்சான் ஒன்று வாங்கினான். ஆனால் குடும்பங்கள் ரங்குப் பெட்டி, அரிசி மூட்டை, வாளி எல்லாம் கொண்டுதான் ஏறும். அவனுடைய 70 லீற்றர் குண்டன் அடியில் நுழையவே இல்லை. நடைபாதையில் வைத்தான், தேத்தண்ணி விற்கிறவர் ஒவ்வொரு தரமும் அதை உதைத்துக்கொண்டு போனார், கடைசியில் அதைக் கால்மாட்டில் ஏற்றிவிட்டு இரவு முழுக்க இறால் மாதிரிச் சுருண்டு படுத்தான். என் பை தலையணையாகக் கிடந்தது. பதிவு செய்யும்போது மேல் படுக்கை கேளுங்கள். கீழ்ப் படுக்கை பகலில் எல்லாருக்கும் ஆசனம், நடுப் படுக்கையை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் விரிக்கலாம், மேல் படுக்கை மட்டும் எந்நேரமும் உங்களுடையது.

கொல்கத்தாவில் ஹௌரா ஸ்டேசனுக்குக் கீழேயே மெட்ரோ இருக்கிறது, 2024 மார்ச்சில் திறந்தது, ஹூக்ளி ஆற்றுக்கு அடியால் ஓடும். பத்து ரூபாவில் எஸ்பிளனேட், அங்கிருந்து மலிவு விடுதிகள் இருக்கிற சட்டர் வீதிக்கு நடை. நான் நடந்தேன். மச்சான் சந்தியிலேயே நின்று டக்ஸி பிடித்தான், மெட்ரோ காசைப் போல் இருபது மடங்கு. இந்தக் கணக்கு எல்லா ஊரிலும் திரும்பத் திரும்ப வந்தது. ஸ்டேசனுக்கும் அறைக்கும் இடையில் ஒன்றரைக் கிலோமீற்றர் இருந்தால் நான் நடப்பேன், அவன் ஓட்டோ தேடுவான். அறை மூன்றாம் மாடி என்றால் நான் ஏறிப் பார்த்து விலை பேசி, சரிவராவிட்டால் அடுத்த கட்டடத்துக்குப் போவேன். பாரம் சுமந்தவன் முதல் கேட்ட விலைக்கே தலையாட்டுவான், சந்தையில் கையில் பிள்ளையோடு மீன் வாங்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கொல்கத்தாவில் நின்றபோது பேலூர் மடத்துக்கும் போனோம். எங்கள் காரைதீவுச் சுவாமி விபுலானந்தர் சேர்ந்த ராமகிருஷ்ண மிஷனின் தலைமை இடம் என்பதால் எனக்கு அது கட்டாயம். ஆற்றங்கரையில் இரண்டு மணித்தியாலம் சும்மா இருந்தோம், காசு எதுவும் இல்லை.

இனி அந்த ஓட்டைக் கதை. இந்திய ஸ்டேசன்களில் குளோக் ரூம் என்று இருக்கிறது, பயணச் சீட்டைக் காட்டிப் பையை ஒப்படைத்துவிட்டுப் பகல் முழுக்க ஊர் சுற்றலாம், காசும் சொற்பம். இரவு வண்டி பிடிக்கிற நாளில் அறை எடுக்கத் தேவையில்லை என்பதால் மலிவுப் பயணத்துக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது. ஒரே ஒரு விதி, பூட்டாத பையை எடுக்கமாட்டார்கள். என்னிடம் இரண்டு ஆமைப்பூட்டு. சிப்பின் தலையிலோ ஓட்டை இல்லை, மெல்லிய ஒரு நாக்குத் தகடு மட்டும். கவுண்டரில் இருந்தவர் என் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாலா, தாலா என்றார். பூட்டைக் கையில் தூக்கிக் காட்டினேன். அதைப் பையில் மாட்டு என்று சைகை காட்டினார். பின்னால் வரிசை நீள்கிறது. ஒதுங்கி நின்று என் வீட்டுத் திறப்பு வளையத்தைக் கழற்றி, இரண்டு நாக்குக்கும் நடுவில் இருந்த சின்னக் கொக்கியில் கோர்த்து, வளையத்தில் பூட்டைப் போட்டேன். ஒரு குழந்தை இழுத்தாலும் கழன்றுவிடும், ஆனால் பூட்டு தொங்குகிறது, அவருக்கு அது போதும். மச்சானின் பை இன்னும் மோசம், மேல்வாய் கயிற்றால் சுருக்குகிற வகை, அதில் சிப்பே கிடையாது. எங்கிருந்து பூட்டுவது? சங்கிலியைப் பையைச் சுற்றிக் கட்டி, மாட்டைப் பிடித்த மாதிரி இழுத்துப் பூட்டினான். முப்பதாயிரத்துப் பை அன்று என் ரியூசன் பேக்கிடம் தோற்றது. ஆகவே இந்தியாவுக்குப் போகிறவர்கள் மலையேறுகிற வகைக் கயிற்றுவாய்ப் பை வாங்காதீர்கள், பெட்டி மாதிரி முழுதாகத் திறக்கிற, இரட்டைச் சிப், ஓட்டை உள்ள தலை இருக்கிற பை வாங்குங்கள்.

காசியில் வார் அறுந்தது. கோதௌலியாச் சந்திக்கு அப்பால் பெரிய வாகனம் உள்ளே வராது, சந்துகளில் மாடும் மோட்டார் சைக்கிளும் மனிசரும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டுதான் போக வேண்டும். நாங்கள் தமிழர் கூடுதலாக இருக்கிற அனுமான் காட் பக்கம் அறை பார்த்தோம், பாரதியார் இளவயதில் இருந்த இடமும் அதுதான், காலையில் இட்லி கிடைக்கிறது. கேதார் காட் படிகளில் ஏறும்போது இடப்பக்க வார் மேலே தையலோடு கழன்று வந்தது. கடையில் நான் பார்க்காத அதே பக்கம். ஒற்றைத் தையல்தான் ஓடியிருக்கிறது, குறுக்குத் தையல் இல்லை. சந்து முனையில் செருப்புத் தைக்கிற ஒரு ஐயா இருந்தார், மெழுகு நூலால் நாலு வரிசை போட்டு, கேட்காமலேயே வலப்பக்கத்தையும் ஒருமுறை தைத்துவிட்டு 40 ரூபா வாங்கினார். அதன்பிறகு 17 நாள், ஒரு நூல் கூடப் பிரியவில்லை. மலிவுப் பை வாங்குகிறவர்கள் ஊரிலேயே முதல் நாளே செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து வார்களை இன்னொரு தரம் தைத்துக்கொண்டு போனால் அந்த 6,800 உண்மையிலேயே லாபம்.

காசிக்குப் பக்கத்தில் சாரநாத்தில் நம்மவர்களுக்கு ஒரு விசேடம். அங்கே தொல்லியல் சீட்டு, இலங்கையும் சேர்ந்த தெற்காசிய சார்க் நாட்டவருக்கு இந்தியர் விலைதான், பாஸ்போட்டைக் காட்ட வேண்டும். அநகாரிக தர்மபாலர் கட்டுவித்த விகாரைக்கு முன்னால் மாலை விற்கிறவர் எங்கள் பாஸ்போட் நிறத்தைப் பார்த்ததும் "ஆயுபோவன்" என்றார். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதும் ஆள் குழம்பிப்போனார்.

டெல்லியில் பையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, மெட்ரோவில் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் மெசினில் போட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பின்னேரம் மழை பிடித்தது. மழை உறையைப் போர்த்தினேன், ஐந்து நிமிடத்தில் தண்ணீர் உள்ளே. அன்றிலிருந்து பாஸ்போட்டும் மாற்றுடுப்பும் சொப்பிங் பைக்குள் சுற்றித்தான் பையில் போனது.

ஆக்ராவில் தாஜ்மகால் வெள்ளிக்கிழமை பூட்டு, அதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். சீட்டு மற்ற வெளிநாட்டவருக்கு 1,100, நமக்கு சார்க் விலை 540, சமாதி இருக்கிற மேல் மேடைக்கு எல்லாருக்கும் இன்னும் 200. முதுகுப் பை உள்ளே விடமாட்டார்கள், வாசல் பக்கம் ஒப்படைக்க வேண்டும். என் பை அங்கே சின்னப் பெட்டிக்குள் அடங்கியது. மச்சானின் பை அடங்கவில்லை, அதற்காகவே அன்று விடுதியில் பகலுக்கும் அறைக் காசு கட்டி அங்கே விட்டுவிட்டு வந்தான்.

அமிர்தசரஸ் பொற்கோயிலைப் பற்றி எழுதினால் பையை மறந்துவிடுவேன், ஆனாலும் சுருக்கமாக. வெளிநாட்டவருக்கு என்று பொதுமண்டபத்தில் கட்டில் தந்தார்கள், மூன்று இரவு, காசு கேட்கவில்லை, நாமாகப் பெட்டியில் போட்டால் போட்டதுதான். லங்கர் என்கிற இலவசச் சாப்பாட்டு மண்டபத்தில் எந்நேரமும் சாப்பாடு, தரையில் வரிசையாக இருந்து, ரொட்டியை இரண்டு கையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும், ஒரு கையை நீட்டினால் பரிமாறுகிறவர் நின்று பார்ப்பார். தலைக்குத் துணி கட்ட வேண்டும், மருதமுனைச் சாரத்தைக் கிழிக்க மனமில்லை, அங்கேயே தந்த சீலையைக் கட்டிக்கொண்டோம். சாப்பிட்ட பிறகு தட்டுக் கழுவுகிற இடத்தில் நாங்களும் ஒரு மணித்தியாலம் நின்றோம். மச்சான் கெஸ்ட் ஹவுஸ்காரன் என்பதால் அவன் கழுவிய வேகத்தைப் பார்த்து ஒரு சர்தார் ஐயா முதுகில் தட்டினார்.

காசுக் கணக்கு கேட்பீர்கள். இந்தியாவுக்குள் 29 நாளுக்கு என் செலவு 25,750 இந்திய ரூபா, நம்ம காசில் 90,000 அளவில். இதில் எல்லாக் கோச்சிச் சீட்டும் சேர்ந்தே 3,450தான், ஸ்லீப்பரின் புண்ணியம். சாப்பாடு நாளுக்கு 300 என்று 8,700, படுக்கை 7,600, ஆறு இரவு கோச்சியிலும் மூன்று இரவு பொற்கோயிலிலும் போனதால்தான் இந்தத் தொகையில் நின்றது. மிச்சம் ஓட்டோ, மெட்ரோ, நுழைவுச் சீட்டு, சிம், தேத்தண்ணி. தேநீர்க் கடையில் கூட போனில்தான் காசு அனுப்புகிறார்கள், நமக்கு அது சரிவராது, அதனால் பத்து, இருபது, ஐம்பது ரூபாத் தாளாக வைத்திருங்கள், ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினால் கடைக்காரர் முகம் சுருங்கும். விமானமும் விசாவும் இதற்கு வெளியே. மச்சான் அதே ஊர், அதே படுக்கை, அதே பூரி, என்னைவிட 5,900 இந்திய ரூபா கூடச் செலவழித்தான். கோச்சியில் இருந்து இருவரும் கணக்குப் பார்த்தோம், அதில் 4,000 டக்ஸி, ஓட்டோ, பை வைக்க எடுத்த அறை என்று பையின் பெயரால் போனது. விமானத்தில் பைக்குக் கட்டினது வேறு. அவன் கொண்டுபோன சாமானில் அரைவாசியை வெளியே எடுக்கவே இல்லை, ஒரு சோடிச் சப்பாத்து சென்னைக்குப் போய் அமிர்தசரஸ் பார்த்து அப்படியே பொத்துவிலுக்குத் திரும்பியது.

முதுகு வலித்ததா என்று கேட்டால், வலித்தது. என் பையின் இடுப்புப் பட்டி சும்மா அலங்காரம், பாரம் முழுவதும் தோளில்தான். 6 கிலோவுக்கு அது தாங்கும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து நடந்தால் தோள்பட்டை சிவக்கும். மலை ஏற, கூடாரம் கொண்டுபோக நினைக்கிறவர்கள் இந்தப் பையைத் தொடவேண்டாம், அவர்களுக்கு மச்சானின் பைதான் சரி. ஸ்டேசன், சந்து, மாடிப்படி, மேல் படுக்கை என்று போகிறவர்களுக்கு இது போதும். பக்கப் பைகளில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் நிற்கிறது, குனிந்தால் விழுகிறது. முன் சிப் காசித் தூசியில் இறுகியது, மெழுகுதிரி தேய்த்தேன், இப்போது ஓடுகிறது. நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, மாசிச் சம்பல் மணம் வெயிலில் வைத்தால் இன்னும் வரும்.

வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு காத்தான்குடிக் கடைக்குப் போய் நானாவிடம் பையைக் காட்டினேன். சண்டை பிடிக்கப் போகவில்லை, சும்மா காட்டத்தான். இடப்பக்க வாரைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தார், காசி ஐயாவின் தையலை விரலால் தடவினார். "இது ஆர் தச்ச? பேக்க விட இது நல்லா இருக்கே தம்பி." சிப் ஓட்டைக் கதையைச் சொன்னேன். உள்ளே போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார், அதே பை, புதுச் சரக்கு, சிப்பின் தலையில் ஓட்டை இருக்கிறது. 7,400 என்றார். இடப்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தேன், ஒற்றைதான்.